இடது பின்னங்கால்

அந்தக் காவி என் விரலில் ஒட்டியது மாசி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை டீ வருவதற்கு முன். நாள் நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. முந்தின நாள் போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு விடுதிக்கு இரண்டு யானைத் தலைகளைச் சணல் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றி அனுப்பியிருந்தேன். மறுநாள் புதன்கிழமை கேரளத்துச் சித்தூரில் ஒரு வீட்டுக்கு நிலைக்கதவு மாட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த அந்த ஒரு நாளைக் குதிரைக்கு என்று ஒதுக்கியிருந்தேன்.

குதிரை என்றால் சாமி ஏறும் குதிரை. என் பட்டறை ஒரு காலத்தில் எங்கள் வீட்டார் தேங்காய் போட்டு வைத்திருந்த கொட்டகை. அதன் வாசலில் நின்றால் தோப்புக்கு அப்பால் பக்கத்து ஊரின் கோயில் தெரியும். அங்கிருந்த பழைய குதிரையைக் கறையான் தின்றுவிட்டது. புதிதாகச் செய்துதரக் கேட்டு என்னிடம் வந்தார்கள். வருவதற்கு முன் கமிட்டியில் நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். பெண்ணின் கையால் செய்த வாகனத்தில் சாமி ஏறலாமா என்பது பேச்சு. கடைசியில் கமிட்டித் தலைவர்தான், "உளி புடிக்கறது அம்மிணியா இருந்தா என்னப்பா, உளி என்ன சேலையா கட்டியிருக்குது?" என்று கேட்டு முடித்துவைத்தாராம். எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்தவர்களில் எத்தனை பேர் சம்மதித்துச் சிரித்தார்கள் என்பது எனக்கு அன்றிலிருந்து சந்தேகம்.

எனக்கு அது முதல் கோயில் வேலை. குதிரை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அடுத்தது அதே கோயிலுக்கு யானை வாகனம் என்று பேச்சு இருந்தது. பழுது என்று ஒரு சொல் வந்துவிட்டால் கூடை சுமக்கும் எஸ்டேட் பெண், புத்தர் முகம், யானைத் தலை என்று விடுதி வரவேற்பறைகளுக்குச் செதுக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதிலும் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் விடுதியில் மாட்டியதை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவதில்லை.

மரம் கோயிலுடையது. கோயில் முன்னால் நின்ற பலாமரம் முந்தின வருஷம் மார்கழிக் காற்றில் சாய்ந்தது. எங்கள் பக்கத்தில் கணவாய் வழியாக வரும் காற்று ஓட்டைப் பிரிக்கும், வாழையை முறிக்கும். அந்த வருஷம் பலாவையே சாய்த்தது. சாமியே கொடுத்த மரம் என்று சொல்லி அந்த மரத்திலேயே குதிரை செய்ய முடிவு செய்தார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மரம் எப்படி நின்றதோ அப்படியே அதிலிருந்து வரும் ஒவ்வொரு உறுப்பும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. குதிரையின் கால் தலைகீழாக நின்றால் ஊரும் அப்படியே ஆகும் என்பது நம்பிக்கை. அறுத்து, இழைத்து, செதுக்கிய பிறகு எந்த முனை எது என்று கண்ணால் சொல்வது கடினம். அதனால் மரத்தை அறுக்கிற அன்றே, துண்டின் வேர்ப்பக்க முனையில் காவிக்கல்லைத் தண்ணீரில் குழைத்து ஒரு பட்டை போடுவார்கள். பலாவாக இருந்தால் இன்னும் நல்லது. பச்சை மரத்தின் வெட்டுவாயில் பால் கசிந்துகொண்டே இருக்கும். காவி அந்தப் பாலோடு சேர்ந்து ஊறி இறுகிவிட்டால் பிறகு சுரண்டினாலும் வராது. குளம்பின் அடியில் அந்தப் பட்டையை அப்படியே விட்டுவிட வேண்டும். உளியோ வர்ணமோ அங்கே படக்கூடாது. வாகனத்தை வாங்கிக்கொள்ள வரும்போது கமிட்டிக்காரர்கள் முதலில் குனிந்து பார்ப்பது குதிரையின் முகத்தை அல்ல, குளம்படியை.

அந்தச் செவ்வாய்க்கிழமை குதிரையைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து வயிற்றுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க ஒரு பிடிப்புக்காக இடது பின்னங்காலைப் பற்றினேன். கையை எடுத்தபோது விரல் சிவந்திருந்தது. முதலில் காயம் என்று நினைத்தேன். பிறகு மற்ற மூன்று குளம்புகளிலும் விரலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி இடது பின்னங்கால். மறுபடி சிவப்பு.

நாலு துண்டுக்கும் ஒரே நாளில், ஒரே கையால் வைத்த காவி. மூன்று ஊறியிருக்கிறது, ஒன்று மேலேயே நிற்கிறது. அப்படியானால் இந்த ஒன்று பால் கசியும்போது வைத்தது இல்லை. யாரோ பிறகு வைத்திருக்கிறார்கள். ஏன் வைக்க வேண்டும்? பட்டை தவறான முனைக்குப் போயிருந்தால், அதை மறைக்க வைத்திருப்பார்கள். கால் தலைகீழ். அப்படித்தான் என் சந்தேகம் தொடங்கியது.

கட்டையின் அடியும் நுனியும் தெரிய அதைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். வேர்ப்பக்கம் கனம், அது தாழும். ஆனால் இது செதுக்கிய கால். தொடை பருத்து, குளம்பு சிறுத்து இருக்கிறது. எந்த மரமானாலும் தொடைதான் தாழும். அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

மிச்சம் இருந்தது ஆசாரியிடம் கேட்பது. ஆசாரி என்பவர் பட்டறை தொடங்கியதிலிருந்து என்னோடு வேலை செய்கிறவர். அறுப்பது, இழைப்பது, பூட்டுவது அவர், செதுக்குவது நான். அதற்கு முந்தின வருஷம் தை மாதம் மரமில்லில் அந்தப் பலாவை அறுத்த அன்று நான் ஊரில் இல்லை. பொங்கல் முடிந்த திங்கட்கிழமை போடிமெட்டுக்குக் கதவு மாட்டப் போனவள் வியாழக்கிழமைதான் திரும்பினேன். அறுத்தது புதன்கிழமை. காவி வைத்தது ஆசாரி.

டீ வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க ஆசாரி, கொழம்படிக் காவி நாலுக்கும் ஒரே நாள்லதான வெச்சீங்க?"

"ஆமாங்க்கா, மில்லுலயே வெச்சாச்சே. ஏனுங்க்கா?"

"சும்மா கேட்டேன்."

"நீங்க சும்மா கேக்கற ஆளுங்களா? போன தீவாளிக்கு நான் என்ன சட்ட போட்டிருந்தேன்னு கேட்டா அதுக்கே பதில் சொல்லுவீங்க."

"ஊதாக் கட்டம்."

"பாத்தீங்களா!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கையிலிருந்த இழைப்புளி பலகையின் பாதியில் நின்றுவிட்டது. ஒரு இழைப்பைப் பாதியில் நிறுத்துகிறவர் அல்ல அவர். நிறுத்தினால் பலகையில் படி விழும். படி விழுந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. புதன்கிழமை சித்தூரில் கதவு மாட்டும்போது அவருக்கு ஒரு போன் வந்தது. வெளியே முருங்கை மரத்தடி வரை போய்ப் பேசினார். வழக்கமாக வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். வியாழக்கிழமை அவராகவே ஒரு யோசனை சொன்னார்.

"கொழம்படிக்கும் ஒரு கோட்டிங் வார்னீஷ் அடிச்சுப்போடலாமுங்களாக்கா? கறையான் ஏறாது பாருங்க."

"அடியில எதும் படக்கூடாதுன்னு நீங்கதான எனக்குச் சொன்னீங்க?"

"அது வந்து, காலம் மாறுதில்லீங்களா."

காலம் மாறுகிறது என்று அவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மின்சார இழைப்பு மெஷினை வாங்கி மூன்று வருஷமாகியும் அதன் மேல் துணி போட்டு மூடிவைத்திருப்பவர் அவர்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் தென்னைக்கு உரம் வைத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "உனக்கு இப்ப கட்டைக்குள்ளயும் கள்ளன் தெரியறானா? போன வாரம் பால்காரன், இந்த வாரம் ஆசாரி. அடுத்த வாரம் என்னைப் புடிச்சுப்போடுவ" என்றார். பால்காரர் விஷயத்தில் நான் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. நான் நிறையத் துப்பறியும் கதைகள் படித்தவள். அவற்றில் குற்றவாளி கடைசிப் பக்கத்தில் அகப்படுவான். பட்டறையில் அப்படி இல்லை. சந்தேகப்படுகிற ஆள்தான் காலையில் நமக்கு டீ வாங்கி வருகிறார், சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லி.

வெள்ளிக்கிழமை மில்லிலிருந்து ஒரு பலகை எடுக்க வேண்டியிருந்தது. எப்போதும் ஆசாரிதான் போவார். நான் போகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்குங்க்கா இந்த வெயில்ல?"

"வெயில் எனக்குப் புதுசா?"

"இல்லீங்க்கா, அங்க தூசி."

மரத்தூளிலேயே இருபது வருஷம் மூச்சுவிட்டவளிடம் தூசி என்றார். உடனே ஸ்கூட்டரை எடுத்தேன்.

மில்காரர் மலையாளி; தமிழ் எங்களைப் போலவே பேசுவார், நடுவில் அவருடைய மொழி எட்டிப்பார்க்கும். என்னைப் பார்த்ததும் ரம்பத்தை நிறுத்தினார்.

"சேச்சியா! ஆசாரி வரலியா? எப்பவும் அவருதானே வரும்."

"அவருக்கு வேற வேலைங்க. மூணு விரக்கடைத் தேக்குப் பலகை ஒண்ணு வேணும்."

"எடுக்கலாம், எடுக்கலாம். இரிங்க சேச்சி."

ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு கட்டையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனார். மில்லுக்கு வருகிறவர்கள் உட்கார அதைத்தான் வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குச் சற்று மேலான உயரம். உட்காரப் போனவள் நின்றுவிட்டேன். பலா. அதன் பக்கவாட்டில் பாதி அறுபட்ட வாயில் துருப்பிடித்த ஆணி, கட்டைவிரல் கனத்தில் ஒன்று, ரம்பம் பட்டுத் தலை போய் நின்றது. உட்காருகிற முனையில் ஒரு காவிப் பட்டை. எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்து, வேட்டியும் பேண்டும் உரசி உரசி மரமே பளபளத்திருந்தது. பட்டை மட்டும் அப்படியே இருந்தது. விரலை வைத்து அழுத்தித் தேய்த்தேன். விரலில் ஒன்றும் வரவில்லை.

கோயில் மரம். அதன் வேர்ப்பக்கம் மேலே பார்த்துக்கொண்டு மில் வாசலில் நின்றது. என் குதிரைக்கு வந்த கால் தலைகீழ் இல்லை. அது அந்த மரமே இல்லை.

செதுக்கும்போது அந்தக் காலின் மஞ்சள் மற்றவற்றைவிடப் பழுத்திருந்தது நினைவுக்கு வந்தது. வயிரப் பக்கம் அப்படி இருக்கும் என்று விட்டிருந்தேன். பழைய காய்ந்த பலா. பால் வற்றிப்போன மரத்தில் காவி ஊறாது.

பலகையோடு திரும்பிய மில்காரர் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"அந்த ஆணி என் ரம்பத்தோட பல்லு மூணைக் கொண்டுபோச்சு. ஆசாரி ஒண்ணும் சொல்லலியா சேச்சி?"

"சொன்னாருங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் பொய் சொல்வது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஆக, இப்போது விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். மில்லுக்குத் தினமும் ஊர்க்காரர்கள் வருகிறார்கள். அந்தக் கட்டையில்தான் உட்காருகிறார்கள்.

பட்டறையில் ஆசாரி வேலை செய்யாமல் வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஆணி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கையிலிருந்த பென்சிலைக் காதில் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தார். "இரும்பு ஏறுன கட்டைங்க்கா அது. அதுல சாமிய நிறுத்தலாமுங்களா? மில்லுக்காரருகிட்ட அளவுக்குத் தகுந்தாப்பல வேற பலா கெடந்துச்சு. நல்ல கட்டை. அதை எடுத்துக்கிட்டேன். வேர்ப்பக்கம் சரியாப் பாத்துத்தான் நிறுத்தினேன், அதுல தப்பே இல்லைங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க எழுதி வெச்சுக்குவீங்க. நாளைக்குக் கமிட்டியில ஆராச்சும் கேட்டா அப்படியே ஒப்பிச்சுப்போடுவீங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க்கா."

"காவி மட்டும் எதுக்கு வெச்சீங்க?"

"காவி இல்லாம நின்னா கேப்பாங்கல்ல?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரும்பேறிய கட்டையும் கூடாது, வேறு மரமும் கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆனால் அவர் சொன்னது முழுவதையும் நான் நம்பினேனா என்றால், இல்லை. மாற்றியது ஒரு கட்டைதானா? முதுகு? கழுத்து? அன்று சாயங்காலமே குதிரையின் ஒவ்வொரு இணைப்பையும் விளக்குப் பிடித்து நிறம் பார்த்தேன். ஆசாரி பக்கத்தில் நின்று தானே விளக்கைப் பிடித்தார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

வேறு வழி இல்லை. புதுக் கால் செய்ய அதே மரத்தின் துண்டு வேண்டும். மரத்தின் மேல்பகுதிக் கொம்புகளைத் திருவிழாச் சமையலுக்கு விறகு என்று கோயிலுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒன்று கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை தலைவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். களத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

"ஆணியா? எந்த ஒசரத்துல அம்மிணி?"

கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். "இந்த ஒசரத்துல இருந்திருக்கோணும் மாமா."

அவர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். "கொழாய் ஸ்பீக்கர் கட்டறதுக்கு அடிச்சதாட்ட இருக்குது."

"ஆரு அடிச்சிருப்பாங்க மாமா?"

"ஆராச்சும் அடிச்சிருப்பாங்க."

திருவிழாவுக்கு ஏணி மேல் ஏற அந்த ஊரில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அதை நான் நினைவுபடுத்தவில்லை. நான் நினைவுபடுத்தாததை அவர் கவனித்தார்.

"அதை உடு அம்மிணி" என்றார். "மத்த மூணு காலு?"

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியே பட்டறைக்கு வந்துவிட்டது. ஒவ்வொருவராகக் குனிந்து விரலால் தேய்த்தார்கள். ஒருவர் விரலை எச்சில் தொட்டுக்கொண்டு தேய்த்தார். மூன்று கால்களும் தேறின. போவார்கள் என்று பார்த்தால் தலைவர் மறுபடி குனிந்தார்.

"வாலு?"

"வாலும் அதே மரந்தானுங்க மாமா."

"காவியக் காணமே."

"வாலுக்கு அடி ஏதுங்க?"

"குதிரையில ஒட்டற பக்கம் அடி" என்றார் எச்சில் தொட்டவர். "வாலுல காவி வெச்சா குதிரைக்கு மூலமுன்னு நெனைப்பாங்க" என்றார் இன்னொருவர். சிரிப்பில் வால் தப்பித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. தானே பரிந்து பேசி வாங்கிக்கொடுத்த வேலை இப்படியாகிவிட்டது என்ற நினைப்பு அவர் முகத்தில் இருந்தது. யானை வாகனத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விறகுக் குவியலிலிருந்து கவையுள்ள ஒரு கொம்பை நான் தேர்ந்தெடுத்தேன். கவை விரிகிற பக்கம் நுனி. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. "இருந்தாலும் தண்ணியில போடு" என்றார் தலைவர். மாட்டுத்தொட்டியில் போட்டோம். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வேர்ப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. "இன்னொருக்கா போடுங்க" என்றார் எச்சில் தொட்டவர். இன்னொரு முறையும் அதுவே தாழ்ந்தது.

கால் செதுக்குகிற நாட்களில் ஆள் மாற்றி ஆள் வந்து பட்டறையில் உட்கார்ந்தார்கள். விடுதிக்காரர்கள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், எடுத்தால், "ஆரு அம்மிணி?" என்று நாற்காலியிலிருந்து கேள்வி வரும். உளி வேகமாகப் போனால், "மெல்ல" என்பார்கள். மெல்லப் போனால், "திருவிழா வந்துருமே" என்பார்கள். ஆசாரி காலை உடம்பில் பூட்டும் கழுந்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். எட்டாம் நாள் கால் பொருந்தியது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. புதுக் கொம்பு ஒரு வருஷம் காய்ந்தது. அதில் பால் இல்லை. தலைவர் தன் கையாலேயே எல்லோர் முன்னாலும் குளம்படியில் காவிப் பட்டை போட்டார். காய்ந்ததும் நான் விரலை வைத்தேன். சிவப்பாக வந்தது. பொய்க் காலில் வந்த அதே சிவப்பு.

விரலை அவரிடம் காட்டினேன். அவர் தன் விரலையும் வைத்துப் பார்த்தார்.

"நாங்க கண்ணால பாத்துட்டமல்ல" என்றார்.

பங்குனியில் திருவிழா. குதிரையைத் தோளில் ஏற்றுவதற்கு முன் மைதானத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த சம்பந்தக்காரர் ஒருவர் குனிந்து குளம்படிகளைத் தொட்டுக்கொண்டே வந்தார். இடது பின்னங்காலில் நின்றார். விரலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது கையோட வருதே?"

"அதே மரந்தானப்பா. நாங்களே தொட்டியில போட்டுப் பாத்தோம்" என்றார் தலைவர்.

"நீங்க பாத்தீங்க. நாங்க பாக்கலையே."

தலைவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டதும், "அம்மிணி, நீ சொல்லு" என்றார். சொன்னேன். மரம் சாய்ந்த நாளிலிருந்து, அறுத்த நாள், ஆணி, கொம்பு, தொட்டி, எல்லாம் வரிசையாக, கிழமையோடு சொன்னேன். சம்பந்தக்காரர் பொறுமையாகக் கேட்டார். "இத்தனை தேதி ஞாபகம் வெச்சிருக்கறீங்களே, எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டார். குதிரை தோளில் ஏறியது. அவர் கடைசி வரை விரலைத் துடைக்கவில்லை.

இந்த வருஷம் யானைக்கு மரம் வந்துவிட்டது. அறுக்கிற நாளில் கமிட்டியார் மில்லுக்கு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு வந்து உட்கார்ந்தார்கள். போடிமெட்டு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு நானும் போனேன். அந்த ஆணிக்கட்டையில் யாரும் உட்காரவில்லை. ஒவ்வொரு துண்டும் ரம்பத்திலிருந்து விழுந்ததும் ஆசாரி பாலோடு சேர்த்துக் காவிப் பட்டை போட்டார். பட்டறைக்கு வந்து அடுக்கி, பால் இறுகிய பிறகு, நான் கேட்காமலே ஒவ்வொன்றிலும் விரலை அழுத்தித் தேய்த்து என் பக்கம் நீட்டினார். சுத்தமான விரல்.

பார்த்தேன். பிறகு என் விரலையும் வைத்துப் பார்த்தேன்.